துப்பாக்கிக்குக் காற்றடிக்க ஊரெல்லாம் கேட்டேன்

துப்பாக்கி சுடும் பயிற்சிக் கூடத்தில் வேலை என்றால் நாள் முழுக்க டுமீல் டுமீல் என்று நினைப்பார்கள். நிஜத்தில் முக்கால்வாசி நேரம் காற்றடிப்பதுதான் வேலை.

எங்கள் கூடம் நாவலூரில் இருக்கிறது. போட்டிக்குச் சுடும் காற்றுத் துப்பாக்கியில் குழலுக்குக் கீழே ஒரு சின்ன சிலிண்டர் இருக்கும். கார் டயரில் இருப்பதைவிடப் பல மடங்கு அழுத்தத்தில் அதற்குள் காற்றை அடைக்க வேண்டும். தப்பாக அடைத்தால் கையோ முகமோ போய்விடும். நான் சேர்ந்த நேரம், அதுவரை அந்த வேலையைச் செய்தவர் வெளியூர் போய்விட்டார். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. புது வேலையில் சேர்ந்து, நாலு பேரைக் கேட்டு ஐந்து பதில் வாங்கித் தவித்தவர்களே, நீங்களும் நானும் ஒரே ஜாதி. கேளுங்கள்.

குரூப்பில் கேட்டேன்

முதலில் துப்பாக்கிப் பிரியர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டேன். வேகமாக அடி என்றார் ஒருவர். வேகமாக அடித்தால் சூடேறும், மெதுவாக அடி என்றார் இன்னொருவர். மூன்றாமவர் ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் சொன்னார்.

ஒருவர் மட்டும் நீளமான குரல் பதிவு அனுப்பினார். என்ன தெளிவு, என்ன நிதானம். வாத்தியார் கிடைத்துவிட்டார் என்று மகிழ்ந்துபோய், எத்தனை வருடமாகச் சுடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"துப்பாக்கி இன்னும் வாங்கல ப்ரோ. எல்லாத்தையும் கத்துக்கிட்டு அப்புறம் வாங்கலாம்னு இருக்கேன்."

எண்ணெய் மினுமினுப்பு

சம்பத் சார் செங்கல்பட்டிலிருந்து வருபவர். கல்லூரியில் படிக்கும் மகள் நிவேதா எங்களிடம் பயிற்சி எடுக்கிறாள். ஒருநாள் சம்பத் சார் மகளின் துப்பாக்கி சிலிண்டரைக் கொண்டுவந்து காட்டினார். அதன் வாயில் எண்ணெய் மினுமினுத்தது. காற்று கசிந்ததாம், தையல் மெஷின் எண்ணெயை உள்ளே நாலு சொட்டு விட்டாராம். யார் சொன்னது என்று கேட்டேன். வீடியோவாம். சரியா தப்பா என்று எனக்கும் தெரியாததால் தலையை மட்டும் ஆட்டி வைத்தேன்.

"லட்சக்கணக்குல பார்த்திருக்காங்க தம்பி. தப்பா இருந்தா இத்தனை பேர் பார்ப்பாங்களா?"

தெரியாது என்றவர்

நிவேதாவின் மாவட்டப் போட்டி நெருங்கிய சமயம் பார்த்து, சின்ன சிலிண்டர்களுக்குக் காற்றெடுக்கும் எங்கள் பெரிய டேங்க் காலி. கோவளத்தில் கடலுக்குள் முக்குளிக்கக் கூட்டிப்போகிறவர்களிடம்தான் அதை நிரப்புவோம். அங்கே கம்ப்ரஸர் ரிப்பேர். சம்பத் சார் உடனே வழி சொன்னார். தெரிந்த வெல்டிங் பட்டறையில் ஆக்சிஜன் இருக்கிறது, காற்றிலேயே நல்ல பாகம் அதுதானே, இன்னும் சுத்தம் என்றார். எனக்கும் சரியாகத்தான் பட்டது. அதை இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

எதற்கும் இருக்கட்டும் என்று கோவளத்தில் கம்ப்ரஸரைப் பார்த்துக்கொள்ளும் ரஹீமுக்குப் போன் போட்டு, ஆக்சிஜன் அடைக்கலாமா என்று கேட்டேன். அத்தனை நாளில் யாருமே சொல்லாத பதில் ஒன்றை அவர்தான் சொன்னார்.

"தெரியாது அண்ணாத்த. நான் வெறும் காத்துதான் அட்ச்சிகினு கீறேன். தெரிஞ்சா மாதிரி எதனா சொல்லி, உன் கை பூட்ச்சின்னா நானா வந்து ஒட்ட வைப்பேன்? செஞ்ச கம்பெனிக்காரனையே கேளு."

பூட்டிய பட்டறை

கம்பெனிக்கு மெயில் போட்டேன். பதில் வரும்வரை பொறுங்கள் என்று சம்பத் சாரிடம் சொன்னேன். சரி என்றார். ஆனால் ஆக்சிஜன் சிலிண்டரின் வாய் எங்கள் சிலிண்டருக்குப் பொருந்தாது என்பதால், போகிற வழியிலேயே ஒரு லேத் கடைசல் பட்டறையில் இணைப்பு செய்யக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மறுநாள் காலை பதில் வந்தது. ஆக்சிஜன் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது, உள்ளே துளி எண்ணெய் இருந்தாலும் தீப்பிடித்து வெடிக்கும். எண்ணெய் என்ற வார்த்தையைப் பார்த்ததும் அந்த நாலு சொட்டு ஞாபகம் வந்தது. சம்பத் சாருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். கும்பிடாத சாமி இல்லை. கடைசியில் அவரே கூப்பிட்டார், கடுங்கோபத்தில்.

"கடைசல்காரர் வீட்ல இன்னிக்குக் கிரகப்பிரவேசமாம், பட்டறையைப் பூட்டிட்டுப் போயிட்டார். மனுஷனுக்கு ஒரு பொறுப்பு வேணாமா தம்பி?"

வீட்டுக்காரி தீர்ப்பு

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்தக் கடைசல்காரர் வீட்டில் பால் பொங்கிய நேரம் எங்கள் எல்லோருக்கும் நல்ல நேரம். மெயிலைப் படித்துக் காட்டியதும் சம்பத் சார் கடைசல்காரருக்குப் போன் போட்டு இணைப்பே வேண்டாம் என்றார். கோவளத்தில் கம்ப்ரஸர் சரியாகி, டேங்க் நிரம்பி வந்தது. எண்ணெய் பட்ட சிலிண்டரை ஒதுக்கிவிட்டு, கூடத்தின் சிலிண்டரில் மெதுவாகக் காற்றடித்துக் கொடுத்தேன். நிவேதா போட்டியில் நன்றாகவே சுட்டாள். இரண்டு கையும் பத்திரமாக இருந்த அப்பா, அந்த இரண்டு கையாலும் தட்டினார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனசு நிறைந்துபோனது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்.

"போன வாரம் கேஸ் அடுப்பைச் சரி பண்ணவும் ஒரு வீடியோ பார்த்துட்டிருந்தார் தம்பி. நல்லவேளை, போன்ல சார்ஜ் போயிடுச்சு."

காற்றடிக்கக் கற்றுக்கொண்டேனோ இல்லையோ, கேட்ட நொடியே பதில் சொல்பவர் பக்கத்தில் சிலிண்டரோடு நிற்கக் கூடாது என்பதை மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டேன்.