குழலுக்கும் மரத்துக்கும் இடையில்

மைமூனா எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும் முதலில் அதன் சந்துகளைத்தான் பார்ப்பாள். பெட்டிக்கும் மூடிக்கும் நடுவில், கதவுக்கும் நிலைக்கும் நடுவில் ஒரு நூல் நுழையும் அளவுக்கு இடம் தெரிந்தால் போதும், அதை அடைக்காமல் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. சந்து இருந்தால் கரப்பான் வரும், உப்புக்காற்று வரும், அடுத்த வீட்டுக்காரியின் கண்ணும் வரும் என்பாள். சாய்ந்தமருதில் கடலுக்குக் கிட்டவாக இருந்த அந்த வீட்டில் பழந்துணி, மெழுகு, தேங்காய்ப் பொச்சு என்று ஏதாவது ஒன்று திணிக்கப்படாத ஓட்டையே கிடையாது.

வீடும் பின்னால் இருந்த தென்னை வளவும் அவளுடைய சீதனம். புருஷன் அச்சிமுகம்மது ஒரு தகரப்பெட்டியோடு வந்து குடியேறியவர். அவருக்கு வயல் வரிப்பத்தான்சேனையில். கதிர் பால்பிடிக்கத் தொடங்கினால் பன்றி இறங்கும், யானை இறங்கும். அந்த வயல் வட்டையில் காணி வைத்திருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து காவலுக்கு அவரைத்தான் வைத்திருந்தார்கள். கையில் இருந்தது குழல் வாய்வழியாக மருந்து போட்டு இடிக்கிற பழைய இடியன் துவக்கு. ஒரு வெடி வைத்துவிட்டு அடுத்த வெடிக்கு ஆயத்தம் செய்வதற்குள் பன்றி வயிறு நிறையத் தின்றுவிட்டுப் போய்விடும்.

போன போகத்தில் நடந்தது அதைவிட மோசம். தூறலில் மருந்து நனைந்து துவக்கு வெடிக்கவில்லை. தனியன் யானை ஒன்று வந்து காவல் பரணின் காலைப் பிடித்து இழுத்தது. அச்சிமுகம்மது குதித்து, வாய்க்காலுக்குள் மூக்கு மட்டும் வெளியே தெரியப் படுத்துக் கிடந்து, விடிந்த பிறகு ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தார். மைமூனா அழவில்லை. சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தாள். “மத்தச் செருப்ப ஆனையா போட்டுக்கு போன?” என்று கேட்டாள். பிறகு அடுப்படிக்குள் போனவள் நெடுநேரம் வெளியே வரவில்லை.

ஆகவே ஐம்பத்து நாலாம் ஆண்டு மாரிப் போகத்துக்கு வட்டைக்காரர்கள் அரசாங்கத்துக்கு எழுதிப்போட்டுப் புதுத் துவக்கு ஒன்றை வரவழைத்தபோது, அவர்கள் எல்லோரையும் விட ஆவலாக இருந்தவள் அவள்தான். ஆனால் துவக்கு வந்ததும் அவர் பேருக்கு ஆகிவிடவில்லை. அரசாங்கம் இதற்கென்று வைத்திருந்த, பென்சன் எடுத்த பொலிஸ் சார்ஜன் புண்ணியமூர்த்தி முன்னிலையில் சுட்டுக் காட்டவேண்டும். குறி வட்டத்துக்குள் விழுந்தால் அச்சிமுகம்மதுவின் பெயரில் அனுமதி கிடைக்கும். விழாவிட்டால் துவக்கு மட்டக்களப்புக்குத் திரும்பிப் போய்விடும். அவரும் இடியனைத் தூக்கிக்கொண்டு பரணுக்குத் திரும்பிப் போகவேண்டியதுதான்.

சுடுவதற்கு இடம் தேடி வந்த சார்ஜனுக்கு மைமூனாவின் வளவு முடிகிற இடத்தில் இருந்த மணல்மேடு பிடித்துப் போயிற்று. மேட்டுக்கு அப்பால் தாழம்பற்றை, ஆள் நடமாட்டம் இல்லை. தேயிலைப் பெட்டிப் பலகை ஒன்றில் வட்டம் கீறவேண்டும் என்றார் அவர். அளவு காட்ட ஒரு மூடி கேட்டார். மைமூனா வேலிக்கு மேலால் சோற்றுப்பானை மூடியை நீட்டி, “கரி படாமத் தாங்க, பகலைக்குச் சோறாக்கணும்” என்றாள்.

அவ்வளவுக்கும் முன், துவக்கு இரண்டு நாள் அவள் வீட்டில் இருந்தது. கை பழகட்டும் என்று சார்ஜனே விட்டுவிட்டுப் போயிருந்தார். அச்சிமுகம்மது பின்னேரம் அசர் தொழப் போன நேரம் பார்த்து மைமூனா அதைப் பாயில் கிடத்தினாள். பக்கத்து வீட்டுச் சித்திலைலா, மைமூனாவுக்குத் தங்கை முறைக்காரி, தறியில் இருந்து எழுந்து வந்தவள், கையில் நூல் ஒட்டியபடியே எட்டிப் பார்த்தாள்.

“லாத்தா, இதென்ன துவக்குக்குத் தாழ்ப்பாள் போட்டிரிக்கி?”

“அதுதான் புதினம். பாரு” என்று மைமூனா அந்தக் குமிழைப் பிடித்து மேலே உயர்த்தி, பின்னால் இழுத்தாள். எண்ணெய் போட்ட இரும்பு சத்தமில்லாமல் வந்தது. முன்னால் தள்ளிக் கீழே மடக்கினாள். அடுப்படிக் கதவுத் தாழ்ப்பாள் ஒரு நாளும் இப்படி விழுந்ததில்லை. “தோட்டாவ உள்ளுக்க வெச்சி, கதவச் சாத்தி, தாழ்ப்பாளப் போட்டாச் சரி. இடிக்கிறதுமில்ல, ஊதுறதுமில்ல. மழ பேஞ்சா என்ன, பேயாட்டி என்ன?”

“வெடிச்சிருமா லாத்தா?”

“உள்ளுக்க ஒண்டுமில்ல. நான் பாத்துட்டன். நீ என்ன, கதவத் துறந்து பாக்காம ஊட்டுக்குள்ள போவியா?”

அவள் திரும்பத் திரும்ப இழுத்து மடக்கினாள். பிறகு விரலை மரத்தின் மேல் ஓட்டிக்கொண்டே போனாள். குழல் படுத்திருந்த பள்ளத்தில் விரல் நின்றுவிட்டது. குழலுக்கும் மரத்துக்கும் நடுவில் இரண்டு பக்கமும் நீளமாகச் சந்து. மரம் குழலைத் தொடவே இல்லை.

“பாத்தியா வெள்ளக்காரன்ட ஆசாரி வேலய” என்றாள். “இவ்வளவு இரும்ப இழைக்கத் தெரிஞ்சவனுக்கு மரத்த அளவாச் சீவத் தெரியல்ல. கடக் காத்துக்கு இதுக்குள்ள உப்பு இறங்கினா ஒரு மாசத்தில துரு.”

அவள் மடியில் ஒரு இசிம் இருந்தது. பள்ளிவாசல் லெப்பையிடம் ஓதி எழுதுவித்த சின்னச் செப்புத் தகடு, மெழுகுச் சீலையில் சுற்றியது. புருஷன் யானை வாயில் மறுபடி அகப்படக்கூடாது என்று வாங்கி வைத்திருந்தாள். இடியன் துவக்கில் இசிம் கட்டுவது அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்கிறதுதான். நூலில் கட்டிப் பிடியில் தொங்கவிடுவார்கள். போன போகத்தில் அந்த நூல் அறுந்து விழுந்த இரவில்தான் யானை வந்தது என்பது மைமூனாவின் கணக்கு. கட்டினால்தானே அறும்? சந்தில் இறுக்கிவிட்டால் எங்கே விழப்போகிறது? சந்தும் அடைபட்டது, இசிமும் இருக்கும்.

இடது பக்கச் சந்தில் தகட்டை வைத்து, தேங்காய்ச் சிரட்டையால் தட்டித் தட்டி உள்ளே இறக்கினாள். வெளியே ஒரு பொட்டும் தெரியவில்லை. துணியால் துடைத்துத் துவக்கைப் பழையபடி சாத்தி வைத்தாள். அச்சிமுகம்மது வந்து பார்த்தும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

சுடுகிற நாள் காலையில் வட்டைக்காரர்கள் வளவுக்குள் நிறைந்துவிட்டார்கள். பெண்கள் தென்னோலைக் கிடுகு வேலிக்கு இப்பால். மைமூனாவுக்கு வேலியில் சந்து தேடவேண்டியிருந்தது. தன் கையால் எல்லாவற்றையும் அடைத்துவிட்டிருந்தாளே. ஒரு கிடுகை விரலால் விலக்கிக்கொண்டாள்.

அச்சிமுகம்மது சாக்கின் மேல் படுத்து, பிஸ்மி சொல்லி, முதல் வெடியை வைத்தார். காகங்கள் எல்லாம் தென்னையை விட்டுப் பறந்தன. மக்கீன் பலகையிடம் போய்ப் பார்த்தான். அவனும் வட்டைக்காரன், வாய் சும்மா இருக்காது.

“வட்டம் இஞ்ச இரிக்கி, வெடி அங்க இரிக்கி” என்று அங்கிருந்தே கத்தினான். “அச்சிமுகம்மது காக்கா, பண்டிய வலது பக்கமா நிண்டு திங்கச் சொல்லணும் போல.”

இரண்டாவது வெடியும் வலது ஓரத்தில். மூன்றாவதும் அதே இடத்தில். பலகையை நட்ட இடத்தில் வாடைக்காற்று வீசுகிறது என்றார் ஒருவர். அச்சிமுகம்மது காற்று அடங்கும்வரை காத்திருந்து சுட்டார். அங்கேதான் போய் விழுந்தது. அச்சிமுகம்மது சாறனில் உள்ளங்கையைத் துடைத்தார். சிரிப்பு நின்றுவிட்டது. மிஞ்சியிருந்த தோட்டாக்களை எல்லோரும் கண்ணாலேயே எண்ணத் தொடங்கினார்கள்.

புண்ணியமூர்த்தி சிரிக்கவில்லை, ஏசவும் இல்லை. பலகையிடம் நடந்து போய், குனிந்து, வெடி விழுந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். முகத்தில் ஒரு ருசி வந்துவிட்டது.

“இஞ்ச பாருங்க. எல்லாம் ஒரு உள்ளங்கைக்குள்ள விழுந்திரிக்கு. கை பிழையெண்டாச் சிதறும். இது சிதறல்ல. இந்தாளுக்குச் சுடத் தெரியும்.”

“தெரிஞ்சா ஏன் சாஜன், வட்டத்துக்க விழல்ல?” என்றான் மக்கீன்.

“அதத்தான் நானும் கேக்கிறன்.” அவர் தானே சாக்கில் படுத்தார். வயதுக்கு முழங்கால் மடங்க நேரம் எடுத்தது. சுட்டார். அதே வலது ஓரம்.

“சாஜனுக்கும் அந்தப் பக்கம்தான் விருப்பம் போல” என்றது யாரோ.

புண்ணியமூர்த்தி எழுந்து துவக்கை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். “பெட்டி உடைச்ச அண்டைக்கு மட்டக்களப்பில நான்தான் இதைச் சுட்டுப் பாத்த. நடுவுல குத்தினது. அங்கயிருந்து வந்த புறகு ஆரோ இதில கை வெச்சிரிக்கு. அச்சிமுகம்மது, கழட்டிக் கிழட்டிப் பாத்தயா?”

“வல்லாஹி இல்ல சாஜன். துணியால துடைச்ச. அவ்வளவுதான்.”

“ஒண்டும் செய்யாமலா சாமான் மாறும்?”

“சத்தியமா நான் தொடல்ல.”

வட்டைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வைதான் மைமூனாவுக்குக் குத்தியது. அந்த மனுஷன் அல்லாஹ்வின் பேரால் சொல்கிறார், நம்பாத கண்கள் சுற்றி நிற்கின்றன. கை வைத்தது யார் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஒரு செப்புத் தகடு, விரல் நகத்துக்கு மேல் கொஞ்சம், அது எப்படித் தோட்டாவைத் தள்ளும்? தோட்டா போவது குழலுக்குள்ளே. தகடு இருப்பது குழலுக்கு வெளியே. அவளுக்கு அது விளங்கவில்லை. விளங்காதது ஒரு பக்கம், இசிமை எடுத்துவிட்டால் யானைக்கு முன்னால் அவர் எதோடு நிற்பார் என்பது மறுபக்கம்.

“இதத் திருப்பி அனுப்பத்தான் வேணும்” என்று சார்ஜன் சொல்வது கேட்டது. “வேற வழியில்ல.”

திருப்பி அனுப்பினால் இடியன். இடியன் என்றால் வாய்க்கால். மைமூனா முக்காட்டை இழுத்துவிட்டு, வேலிக்கு மேலால் கையை நீட்டினாள்.

“சாஜன் ஐயா, அந்தத் துவக்க இஞ்சால தாங்க.”

“என்னத்துக்கு புள்ள?” என்றார் அச்சிமுகம்மது.

“தரச் சொன்னாத் தாங்களன். திண்டிருவனா?”

துவக்கு வேலி கடந்து வந்தது. முதல் வேலையாகத் தாழ்ப்பாளை இழுத்து உள்ளே ஒன்றும் இல்லை என்று பார்த்தாள். சார்ஜனின் புருவம் உயர்ந்தது. பிறகு ஈர்க்கு ஒன்றை ஒடித்துச் சந்துக்குள் விட்டாள். ஈர்க்கு முறிந்தது. அவ்வளவு இறுக்கமாக இறக்கியிருந்தாள். கொண்டையூசியை உருவி நெம்பினாள். கூந்தல் முக்காட்டுக்குள் அவிழ்ந்து விழுந்தது. சித்திலைலா துவக்கின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். மெழுகுச் சீலை முதலில் வந்தது, பிறகு தகடு.

“இதுதான் நான் வெச்ச. இசிம். அவருக்குத் தெரியாது. அவர் பொய் சொல்லல்ல.”

மக்கீன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். “நீ கதைக்காத” என்றாள் அவள். “ஒண்ட பொண்டாட்டி கட்டின இசிமோடதான் நீயும் வயலுக்குப் போற.” மக்கீன் இடுப்பைத் தடவிக்கொண்டு வாயை மூடினான்.

புண்ணியமூர்த்திக்குக் கோபம் வரவில்லை. வேலிக்குக் கிட்ட வந்து தகட்டை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “வெடிக்கக்குள்ள குழல் அதிரும் தங்கச்சி. அதிர இடம் வேணும் எண்டுதான் சந்து விட்டிரிக்கான். நீங்க இடது பக்கம் முட்டுக் குடுத்தா அது வலது பக்கம்தானே ஒதுங்கும்? எனக்கும் சந்தேகம்தான். ஒருக்கா வெளிய எடுத்துச் சுடுவம், மறுகா உள்ள வெச்சிச் சுடுவம், மறுகா…”

“தோட்டாவ எல்லாம் நீங்க ஆராய்ச்சிக்கு முடிச்சா, ஆனைக்கு நான் அகப்பையக் காட்டவா? முதல்ல அவர் சுடட்டும்.”

அச்சிமுகம்மது மறுபடி படுத்தார். மைமூனா கிடுகை விலக்கவில்லை; வேலிக்கு மேலாலேயே பார்த்தாள். யார் பார்த்தால் என்ன? வெடி கேட்டது. மக்கீன் பலகையிடம் போய், வழக்கத்துக்கு மாறாக ஒன்றும் பேசாமல், கையை வட்டத்துக்குள் வைத்துக் காட்டினான். அடுத்ததும் பானை மூடிக்குள்தான். சார்ஜன் அச்சிமுகம்மதுவின் தோளில் தட்டினார்.

“இனி ஒங்கட பேரிலதான்.”

அதன் பிறகுதான் மைமூனா மனம் இளகி, “சரி ஐயா, இப்ப வெச்சிப் பாருங்க. எனக்கும் பாக்கணும்” என்றாள். தகட்டை அவளே பழைய இடத்தில் இறக்கிக் கொடுத்தாள். சார்ஜன் சுட்டார். வலது ஓரம், பழைய துளைகளுக்குப் பக்கத்தில். அவர் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். மைமூனா சிரிக்கவில்லை, ஆனால் பலகையைக் கொண்டுவரச் சொல்லி, துளைகளுக்குள் ஒவ்வொன்றாக விரலை விட்டுப் பார்த்தாள்.

அன்று அசருக்குப் பிறகு அச்சிமுகம்மது வயலுக்குப் புறப்பட்டார். அவருடைய இடுப்பு வாரின் உட்பக்கத்தைப் பிரித்து, தகட்டை வைத்து, இரட்டை நூலால் சுற்றிவரத் தைத்திருந்தாள்.

“வாரக் கழட்டக் கூடா. குளிக்கக்குள்ளயும் கிட்ட வெச்சிக்கங்க.”

“ஓம்.”

“செருப்பு ரெண்டும் திரும்பி வரணும்.”

“ஓம் புள்ள.”

அந்தப் போகம் செருப்பு இரண்டும் வந்தன. அதற்கடுத்த போகமும் வந்தன. ஒவ்வொரு முறை அவர் துவக்கோடு வீடு வரும்போதும் அதைத் துடைப்பது மைமூனாவின் வேலையாயிற்று. தாழ்ப்பாளை இழுத்துப் பார்ப்பாள், குழலைத் துடைப்பாள், மரத்தைத் துடைப்பாள். அந்தச் சந்துக்கு வந்ததும் அவள் கை சும்மா இருக்க மறுக்கும். மெழுகு கிட்டவே இருக்கும்.

“கையெடு” என்பார் அச்சிமுகம்மது, பாயில் படுத்தபடியே, கண்ணைத் திறக்காமல்.

“உப்புக்காத்து போகுது.”

“போகட்டும்.”

அவள் ஒரு ஈர்க்கில் துணியைச் சுற்றி, எண்ணெய் தொட்டு, அந்தச் சந்துக்குள் விட்டு நீளத்துக்கும் துடைத்து எடுப்பாள். அடைக்கமாட்டாள். அந்த வீட்டில் அவள் அடைக்காமல் விட்ட சந்து அது ஒன்றுதான்.