நகர்த்தாத சுவர்

ஆபீஸில் அவளுக்கு மில்லிமீட்டர் அக்கா என்று பெயர். கட்டட வடிவமைப்பாளர் ஒருவரிடம் பத்தொன்பது வருஷமாகக் கணினியில் வரைபடம் போடுகிறவள். அவள் போட்ட கோடு பிசகி யாரும் பார்த்ததில்லை. பிறர் போட்டதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள்; பிழை இருந்தால் போட்டவர் பாடு திண்டாட்டம்தான்.

அப்படிப்பட்டவள்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றின் வேலை. வரைபடம் சைட்டுக்குக் கிளம்பப் பத்து நிமிஷம் இருக்கையில் முதலாளி ஃபோனில், "படிக்கட்டு அகலம் பத்தாது, ஆயிரத்து ஐந்நூறு ஆக்கிடும்மா" என்றார். இருந்தது ஆயிரத்து முந்நூற்றைம்பது மில்லிமீட்டர். சுவரை நகர்த்தினால் பக்கத்து அறைகளும் நகரும், பதினோரு தாளைத் திருத்த வேண்டும். போதாக்குறைக்கு, மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து ஃபோன் வேறு. அந்தச் சாஃப்ட்வேர் கோட்டின் நீளத்தைத் தானே எண்ணாகக் காட்டும். ஆனால் அந்த எண்ணின் மேல் நாம் வேறு எண்ணைத் தட்டிவிடலாம். கோடு இருந்த இடத்திலேயே இருக்கும். தட்டிவிட்டாள். சுவரை நாளைக்கு நகர்த்திக்கொள்ளலாம் என்று ஓடினாள். நாளையும் வந்தது, காய்ச்சலும் ஏறியது, சுவர் மறந்தே போனது.

ஏழு மாதம் கழித்து ஆபீஸ் முப்பரிமாண சாஃப்ட்வேருக்கு மாறியது. பழைய வரைபடங்களை அதில் மாடலாக ஏற்றப் புதிதாக ஒருவர் வந்தார். மாடல்காரர் என்று கூப்பிட்டார்கள். கல்யாணமாகி ஆறு மாதம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவர் ஏற்றிய மாடலைப் பார்த்து ஆலையில் வார்த்த கான்கிரீட் படிகள் லாரியில் வந்து இறங்கின. சைட்டிலோ கொத்தனார் தாளில் இருந்த எண்ணைப் படித்துச் சுவர் எழுப்பியிருந்தார். ஒவ்வொரு படிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு குழந்தையின் கால் முழுசாக உள்ளே போகிற இடைவெளி.

முதலாளி மாடல்காரரைக் கிழி கிழியென்று கிழித்தார். "தாள்ல எழுதியிருக்கிறதைப் படிக்கக்கூடவா தெரியாது? நாளையிலேர்ந்து வரவேண்டாம்."

தான் எண்ணைத் தட்டியது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அடிப்பாவி, அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! சொல்லவில்லை. பத்தொன்பது வருஷப் பேர் வாயைக் கட்டிப்போட்டுவிட்டது.

மாடல்காரர் மேசையைக் காலிசெய்துகொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய் நின்றாள். அவரும் கவனிக்காமல் விட்டிருந்தால் பாதி பாரமாவது இறங்குமே என்று ஒரு நப்பாசை.

"எண்ணும் கோடும் ஒத்துப்போகலையே, நீங்க பாக்கலையா?"

"பாத்தேன்க்கா. எண்ணை யாரோ தப்பா தட்டியிருப்பாங்கன்னு நெனச்சேன். கோடு நீங்க போட்டதாச்சே, அது எப்படித் தப்பாகும்? அதனால கோட்டையே எடுத்துக்கிட்டேன்."

"அதை ஏன் சார்கிட்ட சொல்லல?"

"உங்களை மாட்டிவிட்ட மாதிரி ஆயிடும்லக்கா."

அதற்குமேல் அவளால் அங்கே நிற்க முடியவில்லை. நேரே முதலாளி அறைக்குள் போய், உட்காரக்கூடச் செய்யாமல், "எண்ணைத் தட்டினது நான்தான் சார். சுவரை நகர்த்தவே இல்ல" என்றாள்.

"நீயாம்மா?"

அவ்வளவுதான் கேட்டார். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

மாடல்காரரின் வேலை தப்பியது. அவளையும் அனுப்பவில்லை. மாடல்காரர் இன்றும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். டீ வந்தால் முதலில் அவளுக்குத்தான் எடுத்து வைக்கிறார். ஆனால் அவள் ஒரு வரைபடம் அனுப்பினால், அதிலுள்ள ஒவ்வொரு கோட்டையும் அளந்து பார்த்த பிறகே மாடலில் ஏற்றுகிறார். அவள் மேசையிலிருந்து பார்த்தால் அவர் திரை தெரியும். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் அதைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் வேலையைப் பார்க்கிறாள்.