புகை மறைத்த இறுதிப் போட்டி

உள்ளரங்கில் வேலை செய்கிற எல்லோரும் அவரை 'உச்சி' என்றுதான் கூப்பிட்டார்கள். பதினாறு வருடங்களாக ஒரு விளையாட்டுச் சேனலில் கேமராக்காரர். பேட்மின்டன் போட்டி என்றால், பார்வையாளர் வரிசைகளுக்கும் மேலே இரும்புக் குழாய்களால் கட்டிய மேடையில் நிற்கும் முதல் கேமரா அவருடையது. காலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு தடவை இறங்குவார். காற்று பட்டால் ஷட்டில் திசை மாறிவிடும் என்று ஏசியை நிறுத்தி வைத்திருப்பார்கள். இருக்கிற சூடெல்லாம் மேலே ஏறி அவரிடம்தான் வந்து சேரும்.

வேலை கடினமில்லை. மொத்தக் கோர்ட்டும் தெரிகிற மாதிரி கேமராவை வைத்துவிட்டு, புள்ளி முடிந்ததும் ஜெயித்தவர் முகத்துக்கு நெருங்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்த உயரத்திலிருந்து பார்த்தால், பந்தயக் காரை விட வேகமாகக் கிளம்புகிற அடிகூட யாரோ பொழுது போகாமல் தட்டி விளையாடுவது போல இருக்கும். எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் படியில் நிறுத்திச் சொன்னார்:

"தப்பா நினைக்காதீங்க. கொசு பேட்ட வச்சுக்கிட்டு எங்க வீட்ல தினமும் இதைத்தான் ஆடுறோம்."

உச்சி சிரித்துவிட்டு மாடி ஏறினார். ஆனால் அந்தப் பேச்சு மீன்முள் மாதிரி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அவருடைய அக்கா அதே போட்டிகளில் கோட்டு நடுவர். கோர்ட்டின் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று கையால் காட்டுகிற வேலை. மற்ற நாட்களில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பார். ஒருநாள் காலை, பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது, "நீ கொஞ்சம் உட்காருடா, எனக்குக் காலு மரத்துப் போச்சு" என்று எழுந்துகொண்டார்.

உச்சி உட்கார்ந்தார். அந்தப் பக்கத்திலிருந்து ஓர் இடதுகை ஆட்டக்காரி எகிறி அடித்தாள். அவர் கண்ணை மூடிக் காலைத் தூக்கிவிட்டார். திறந்தபோது ஷட்டில் அவர் செருப்புக்கு ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. ஒடிந்த இறகுத் துண்டு ஒன்று மடியில். காலணி தரையில் கீச்சிடுவது, நரம்பு 'டப்' என்று தெறிப்பது, அடித்தவள் மூச்சை இழுப்பது, எல்லாம் காதுக்குள் கேட்டன.

"அக்கா, இத்தனை வருஷமா நான் மேல என்னத்த எடுத்துக்கிட்டு இருந்தேன்?"

"அதைத்தான் நானும் ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன்" என்றார் அக்கா.

அந்த வருடம் சேனலுக்குப் புதிதாக ஒரு தயாரிப்பாளர் வந்தார். பாட்டுப் போட்டி நிகழ்ச்சி நடத்திப் பெயர் வாங்கியவர். உச்சியை விடப் பத்து வயதாவது சின்னவர். பேட்மின்டனை யாரும் பார்ப்பதில்லை, வாரா வாரம் கூட்டம் குறைகிறது என்று எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினார். ஆட்டக்காரர்கள் புகைக்குள்ளிருந்து வர வேண்டும், வண்ண விளக்கு சுழல வேண்டும், புள்ளிக்குப் புள்ளி மேளச் சத்தம், முன்வரிசையில் சினிமா நட்சத்திரங்கள். பலகையில் எழுதிக்கொண்டே போனார். பதினாறு வருடத்தில் முதல் தடவையாக உச்சி கையைத் தூக்கினார்.

"சார், கோட்டுக்குப் பின்னாடி, மூலையில, தரையோட தரையா ஒரு கேமரா வைக்கலாம். ஒரு ஆள் உட்காந்து எடுக்கணும். மேல இருந்து பாத்தா வேகமே தெரியலை."

"அங்க விளம்பரப் பலகை இருக்கேண்ணே."

"ரெண்டு சாண் தள்ளி வச்சா போதும் சார்."

"பலகையத் தள்ளி வைக்கிறதுக்கு உங்களத் தள்ளி வச்சிடலாமே."

அறை முழுக்கச் சிரித்தது. "சும்மா சொன்னேண்ணே. நீங்க மேல பாத்துக்கங்க. கீழ நாங்க பாத்துக்கறோம்" என்று தயாரிப்பாளர் தோளில் தட்டினார்.

உச்சி விடவில்லை. நான்கு கடிதம் எழுதினார். ஒன்றுக்கும் பதில் இல்லை. கண்ணால் பார்த்தால் ஒத்துக்கொள்வார்கள் என்று நினைத்து, செல்போனை அக்காவின் நாற்காலிக்குக் கீழே கட்டிவைத்து ஓர் ஆட்டத்தைப் பதிவு செய்தார். கோட்டு நடுவர்களிடம் போன் இருக்கக் கூடாது என்பது விதி. தலைமை நடுவர் கண்டுபிடித்துவிட்டார். அக்காவுக்கு இரண்டு போட்டிகளில் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"உனக்கு வேற நாற்காலியே கிடைக்கலையா?" என்று மட்டும் கேட்டார் அக்கா. அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் போனை எடுக்கவில்லை.

அந்தப் பதிவை உச்சி தயாரிப்பாளரிடம் காட்டினார். அவர் நடந்துகொண்டே பத்து விநாடி பார்த்தார். "படம் ஆடுதேண்ணே" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு லிஃப்டுக்குள் போய்விட்டார்.

சீசனின் கடைசி நாள், பெண்கள் இறுதிப் போட்டி, நேரடி ஒளிபரப்பு. இடதுகைக்காரி ஆடுகிறாள். அக்கா மறுபடி வேலைக்கு வந்திருந்தார். இறுதிப் போட்டியாயிற்றே என்று புகையை இரட்டிப்பாக விட்டார்கள். இடைவேளைகளிலும் விட்டார்கள். ஏசி இல்லை, காற்று இல்லை. புகை வெளியே போக வழியில்லாமல் மேலே ஏறிக் கூரைக்குக் கீழே தங்கியது. மூன்றாவது கேம் தொடங்கியபோது உச்சியின் கேமராவில் வெள்ளையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

காதில் மாட்டியிருந்த கருவியில் தயாரிப்பாளரின் குரல் வந்தது. "அண்ணே, படம் எங்க?"

"புகை சார்."

"துடைங்க."

"லென்ஸ்ல இல்ல சார், காத்துல இருக்கு. எப்படித் துடைக்கிறது?"

இன்னொரு கேமரா முன்வரிசை நட்சத்திரங்களுக்காக வைத்தது, அது நகராது. பரிசளிப்புக்கு என்று கொண்டுவந்த தோள் கேமரா கீழே பெட்டியில் இருந்தது. உச்சி யாரையும் கேட்கவில்லை. ஏணியில் இறங்கி, அதைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டின் மூலைக்குப் போனார். அங்கே விளம்பரப் பலகையைச் சரியாக இரண்டு சாண் தள்ளி வைத்திருந்தார்கள், புகை இயந்திரத்துக்கு இடம் வேண்டும் என்று. இயந்திரத்தை நகர்த்திவிட்டு அந்தச் சந்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தலைமை நடுவர் ஒரு நிமிடம் முறைத்துவிட்டு, ஆட்டம் நின்றுபோகக் கூடாதே என்று தலையசைத்தார். பக்கத்து நாற்காலியில் அக்கா. அவர் கண் கோட்டை விட்டு அசையவில்லை.

பதினோரு நிமிடம் அப்படி எடுத்தார். முழங்கால் தரையில் உரசுவது, வியர்வை சொட்டுவது, அடி வரும் முன்பே ஆட்டக்காரியின் கண் அதைத் தெரிந்துகொள்வது, எல்லாம் கேமராவுக்குள் வந்தன. பத்தொன்பதுக்குப் பத்தொன்பதில், பந்து கீழே விழாமல் ஒரு நீண்ட ரேலி. இருபது அடி, முப்பது அடி, முடிகிற வழியைக் காணோம். அப்போது காதில் தயாரிப்பாளர் முன்வரிசைக் கேமராவுக்கு மாறச் சொல்வது கேட்டது: "ஹீரோவைக் காட்டு, ஹீரோவைக் காட்டு."

"சார், இப்ப வேண்டாம் சார்" என்று உச்சி முணுமுணுத்தார். யார் காதிலும் விழவில்லை.

மறுநாள் அக்கா வீட்டில் இருவரும் மறு ஒளிபரப்பைப் பார்த்தார்கள். தான் வேலை செய்த போட்டியை அக்கா டி.வி.யில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. தரையிலிருந்து எடுத்த படம் வந்ததும் சோபாவின் விளிம்புக்கு நகர்ந்துவிட்டார். அந்த ரேலி தொடங்கியது. முப்பத்தோராவது அடியில் திரையில் நடிகரின் முகம். அவர் சுண்டுவிரலால் காதைக் குடைந்துகொண்டிருந்தார். படம் திரும்பி வந்தபோது இடதுகைக்காரி தரையில் மல்லாந்து கிடந்தாள்.

"அது எப்படிடா முடிஞ்சுது?"

"நீ பக்கத்துலதானே இருந்த?"

"நான் கோட்டைத்தான பாத்தேன். பந்து என் கோட்டுக்கே வரலை."

உச்சி எழுந்து கையை வீசிக் காட்டினார். அவள் விழுந்துகொண்டே முதுகுக்குப் பின்னாலிருந்து பந்தை எடுத்ததை, அது வலை விளிம்பில் உட்கார்ந்து யோசித்து அந்தப் பக்கம் விழுந்ததை. பாதியில் கையைத் தொங்கவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"விடுடா. நீ பாத்தியே" என்றார் அக்கா.

"நான் பாத்து என்ன புண்ணியம்?"

கேமராவுக்குள் இருந்த அசல் பதிவாவது கிடைக்கும் என்று திங்கட்கிழமை ஓடினார். அதன் மேலேயே ஒரு நீச்சல் போட்டியைப் பதிவு செய்திருந்தார்கள்.

அந்த வாரக் கூட்டத்தில் தயாரிப்பாளர் பார்வையாளர்கள் எழுதியதை வாசித்தார். நெஞ்சு படபடத்தது என்று சிலர். தலை சுற்றியது, பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்றே தெரியவில்லை என்று அதைவிட அதிகம் பேர். "பாத்தீங்களாண்ணே?"

உச்சி அதை மறுக்கவில்லை. அவர்கள் சொன்னது உண்மைதான். "ரெண்டும் வேணும் சார். மேல இருந்தே காட்டுங்க. அடி விழுற நேரத்துல மட்டும் கீழ வாங்க. அதுக்கு ஆட்டம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் கீழ இருக்கணும்."

"யோசிப்போம்ணே."

யோசித்தார்கள். அடுத்த சீசனில் வலைக் கம்பத்தின் அடியில் உள்ளங்கையளவு கேமரா ஒன்றைப் பொருத்தினார்கள். ஆள் கிடையாது, அதுவாகவே எடுக்கும். அதற்கு ஒரு காலணிக் கம்பெனியின் பெயர்; எதிரே அந்தக் கம்பெனியின் விளம்பரப் பலகை தெரிகிற மாதிரி வைத்தார்கள். அதில் பெரும்பாலும் கணுக்கால்தான் தெரிந்தது. புதுமையான பார்வை என்று ஒரு பத்திரிகை தயாரிப்பாளரைப் பேட்டி எடுத்துப் போட்டது. உச்சி பழையபடி மேலே ஏறினார்.

"சண்டை போட வேண்டியதுதானே?" என்றார் அக்கா, பேட்டியைப் படித்துவிட்டு.

"நாலு லெட்டர் போட்டேன், வாயால சொன்னேன், செஞ்சும் காட்டினேன். இனி சட்டையப் பிடிக்கிறது ஒண்ணுதான் பாக்கி."

இப்போதெல்லாம் அவர் அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுகிறார். அரங்கைப் பெருக்குகிற அம்மாவைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள். கம்பத்தடியில் குனிந்து, அந்தச் சின்னக் கேமராவைக் கையால் கொஞ்சம் நிமிர்த்தி, மூலைப் பக்கம் திருப்பிவிட்டு ஏணியில் ஏறுவார். காலையில் நடக்கிற முதல் சுற்று ஆட்டங்களில், யாரும் பார்க்காத அந்த ஆட்டங்களில், அடி எப்படி இருக்குமோ அப்படியே அந்தக் கேமராவில் வந்து விழும். பத்தரை, பதினொன்றுக்குக் காலணி விளம்பரம் தெரியவில்லை என்று யாராவது வந்து அதைப் பழையபடி திருப்பி வைப்பார்கள். மேலேயிருந்து உச்சி பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு, கோர்ட் முழுக்கத் தெரிகிறதா என்று தன் கேமராவைச் சரிசெய்வார்.