சோதிக்க வேண்டியது என்னைத்தான்

ஆறு வருடங்களாக என் மனைவி சுகந்தி, எங்களுக்குக் குழந்தை இல்லாததற்குத் தான்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். காரணம் நானாக இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

என் பெயர் பிரேம்குமார். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. வீடு புக்கிட் பாத்தோக்கில். ஞாயிறு ஆராதனையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மைக் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பவன் நான்தான். பன்னிரண்டு வருடங்களாக மற்றவர்களுடைய சாட்சிகளைக் கேட்டிருக்கிறேன். நானே மைக்கைப் பிடிப்பது இதுதான் முதல் தடவை.

தேசிய சேவைக்காக ராணுவ முகாமில் இருந்தபோது, இருபது வயதில், எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. முதலில் கன்னம் வீங்கியது. நான்கைந்து நாளில் விதைப்பையும் வீங்கி, நடக்க முடியாமல் படுத்துவிட்டேன். குணமானதும் முகாம் டாக்டர் என்னை உட்காரவைத்து, இந்த நோய் வந்த சில ஆண்களுக்குப் பிள்ளை பிறப்பதில் சிக்கல் வரலாம், கல்யாணத்துக்கு முன் ஒரு தடவை பரிசோதித்துப் பார் என்றார். சரி என்றேன். அம்மாவிடம் காய்ச்சல் என்று மட்டும் சொன்னேன்.

பிறகு சுகந்தியைப் பார்த்து நிச்சயம் செய்தார்கள். மூன்று ஞாயிறு இதே சபையில் எங்களுக்கு ஓலை வாசித்தார்கள். இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் இருந்தால் தெரிவியுங்கள் என்று போதகர் கேட்ட ஒவ்வொரு முறையும் அந்த டாக்டரின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. தடை என்று எதுவும் உறுதியாகவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சுகந்தி கிளமெண்டியில் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. நாளெல்லாம் அடுத்தவர் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டி, தூங்கவைத்துவிட்டு வருவாள். கல்யாணமாகி மூன்றாவது வருடம் அவளே லிட்டில் இந்தியாவில் ஒரு கிளினிக்குக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொண்டாள். இரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் செய்தார்கள். பிறகு கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். அன்று வீட்டுக்கு வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். எல்லாம் சரியாகவே இருந்தது. அடுத்து உங்கள் கணவர் வரட்டும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்.

நான் போகவில்லை. வேலை நெருக்கடி என்றேன். அடுத்த மாதம் என்றேன். பண்டிகை முடியட்டும் என்றேன். ஒரு தடவை, எனக்கு ஒன்றும் இல்லை என்று கோபமாகவே சொன்னேன். அதற்குப் பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

என் அம்மா உட்லண்ட்ஸில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். சிராங்கூன் சாலை நாட்டு மருந்துக் கடையிலிருந்து பொடி, லேகியம் எல்லாம் வாங்கி வந்து சுகந்தியிடம் கொடுப்பார். அம்மா கெட்டவர் இல்லை. மருமகளுக்கு உடம்பில் குறை என்று உண்மையாகவே நம்பினார். சுகந்தி கசப்பை எல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடங்களுக்கு முன், இதே லெந்து நாட்களில் ஒரு சனிக்கிழமை உபவாச ஜெபம் நடந்தது. அம்மா கேட்டுக்கொண்டதால் போதகர் சுகந்தியை முன்னால் அழைத்துத் தலையில் கைவைத்து ஜெபித்தார். எல்லாரும் சேர்ந்து சத்தமாக ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். நான் போதகருடைய மைக்கின் சத்தத்தை வெளியே குறைத்து வைத்திருந்தேன். ஆனால் என் ஹெட்போனில் அது கேட்டுக்கொண்டே இருந்தது. சுகந்தி அந்த மைக்குக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றாள். அவள் முணுமுணுத்தது என் காதில் மட்டும் விழுந்தது.

"ஆண்டவரே, நான் என்ன தப்பு பண்ணேன்னு எனக்குத் தெரியல. என்னவா இருந்தாலும் மன்னிச்சிருங்க. அவருக்கு ஒரு பிள்ளைய குடுங்க."

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன். அதுவரை நான் பண்ணிய ஜெபமெல்லாம், பரிசோதனை இல்லாமலே ஒரு குழந்தையைக் கொடுத்து என் குட்டு வெளிப்படாமல் காப்பாற்றும் என்பதுதான். அன்று முதல் முறையாக வேறொன்றைக் கேட்டேன். கர்த்தாவே, நான் உண்மையைச் சொல்ல வேண்டும், என் வாயைத் திறந்துவிடும் என்று கேட்டேன்.

ஞாயிறு, திங்கள், செவ்வாய் போயின. சொல்லவில்லை.

புதன்கிழமை மதியம் ஒரு அடுக்குமாடியில் லிஃப்ட் ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு தமிழ் அம்மா தனியாக இருந்தார். பழுது பெரியது, வேறொரு இடத்திலிருந்து என் கூட்டாளி வந்தால்தான் ஆகும். நான் வழக்கம்போலக் கதவுப் பக்கம் வாயை வைத்து, "ரெண்டு நிமிஷம்மா, இப்ப தொறந்துருவோம்" என்றேன். பயப்படக்கூடாது என்று எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வோம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சொன்னேன். மூன்றாவது தடவை சொன்னபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தம்பி, நீங்க ரெண்டு நிமிஷம்னு சொல்ல சொல்லத்தான் எனக்கு நெஞ்சு படபடன்னு வருது. எவ்ளோ நேரம் ஆகும்னு உண்மைய சொல்லிருங்க லா. நான் தரையில உக்காந்துக்கறேன்."

"முப்பது நிமிஷம் ஆகும்மா" என்றேன்.

"சரி. நீங்க அங்கேயே இருங்க, அது போதும்."

அதற்குப் பிறகு அவர் ஒன்றுமே கேட்கவில்லை. முப்பத்தைந்து நிமிடத்தில் கதவைத் திறந்தோம். தரையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து, புடவையைத் தட்டிவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார். யார், எந்த வீடு, எதுவும் எனக்குத் தெரியாது. என் ஜெபத்துக்குப் பதில் அந்தக் கதவுக்குள்ளிருந்து வந்தது என்பது மட்டும் தெரியும்.

அன்று சாயங்காலம் சுகந்தி சமையலறையில் சாம்பார் வைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முகாம், வீக்கம், டாக்டர் சொன்னது, ஓலை வாசித்தது. அவள் அடுப்பை அணைத்தாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அந்தச் சாயம் விட்டு எக்ஸ்ரே எடுத்த அன்னைக்கும் தெரியும்."

"தெரியும்."

அவள் அழவில்லை. ஒரு பையில் துணி எடுத்துக்கொண்டு அவளுடைய அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். நான்கு நாட்கள் போன் வரவில்லை. அவள் திரும்பி வராமலே போயிருந்தால் அவள்மீது குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நான் மட்டும் வந்தேன். அன்று சிலர் விசாரித்தீர்கள். அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று உங்களிடமும் ஒரு பொய் சொன்னேன். அதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன்.

அன்று மாலை சுகந்தி வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை காலைல ஒம்போதரைக்கு கிளினிக்ல அப்பாயின்ட்மென்ட் போட்டிருக்கேன். உங்களுக்கு. நானும் வரேன். ஆனா கோபம் போயிருச்சுன்னு நினைக்காதீங்க."

கோபம் போகப் பல மாதங்கள் ஆயின. அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

அங்கே என்ன செய்வார்கள் என்று பயந்துதான் நம்மில் பல ஆண்கள் போவதில்லை, அதனால் சொல்கிறேன். இதைச் சபையில் பேசலாமா என்று போதகரிடம் முன்கூட்டியே கேட்டேன், பேசுங்கள் என்றார். ஒரு படிவம் தருவார்கள். ஒரு சிறிய அறை, கதவுக்குத் தாழ்ப்பாள், பெயர் ஒட்டிய ஒரு டப்பா. விந்து மாதிரியை அதில் எடுத்து, சிறிய ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான். ஊசி இல்லை, வலி இல்லை. இதற்குப் பயந்துதான் நான் மூன்று வருடங்களை வீணாக்கினேன். வெளியே காத்திருந்த இடத்தில் இன்னும் நான்கு ஆண்கள் இருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எல்லாரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

விந்தணு எண்ணிக்கை மிகக் குறைவு என்று முடிவு வந்தது. ஒரு தடவை பார்த்து முடிவு செய்யக்கூடாது என்று சில வாரம் கழித்து மறுபடியும் எடுத்தார்கள். அதே முடிவு. டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டுக் காட்டித் தமிழிலேயே விளக்கினார்.

"கர்ப்பப்பைக்குள்ள விந்த செலுத்துற சின்ன ட்ரீட்மென்ட் ஒண்ணு இருக்கு. உங்க கவுண்டுக்கு அதுல பலன் இருக்காது. இக்ஸின்னு ஒண்ணு இருக்கு. முட்டைய வெளிய எடுத்து, ஒரே ஒரு விந்தணுவ ஊசியால உள்ள வைப்போம். இல்லன்னா டோனர், அதாவது வேற ஒருத்தரோட விந்தணு. இல்லன்னா தத்து எடுக்கலாம். ஒண்ணுமே வேணாம்னு முடிவு பண்றதும் ஒரு வழிதான். யோசிச்சு ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லுங்க. இக்ஸி பண்ணாலும் உறுதியா நடக்கும்னு நான் சொல்லமாட்டேன்."

கடைசி வாக்கியத்தைச் சொன்னதற்காகவே எனக்கு அவரைப் பிடித்தது. நாங்கள் இரண்டு வாரம் பேசினோம், ஜெபித்தோம். டோனர் எங்களுக்கு மனதுக்கு ஒத்துவரவில்லை. அந்த வழியில் போனவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இக்ஸிக்குப் போவோம், உருவாகும் எந்தக் கருவையும் வீணாக்க வேண்டாம் என்று முடிவெடுத்தோம்.

அதற்கு முன் அம்மாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த ஞாயிறு உட்லண்ட்ஸில் மதியச் சாப்பாடு. அம்மா வழக்கம்போல ஒரு பொட்டலத்தைச் சுகந்தியிடம் நீட்டினார்.

"இது புதுசு. வெறும் வயித்துல பால்ல கலந்து குடிக்கணும், என்ன?"

நான் அந்தப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். "அம்மா, இனிமே அவளுக்கு மருந்து குடுக்காதீங்க. அவகிட்ட குறை இல்ல. குறை எனக்கு. டெஸ்ட் பண்ணிட்டோம்."

அண்ணன் சாப்பிடுவதை நிறுத்தினார். அம்மா என்னையும் சுகந்தியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இத்தன வருஷமா நான் இந்தப் பொண்ண பேசுனதெல்லாம்?"

சுகந்திதான் மெதுவாக, "விடுங்க அத்தை, உங்களுக்குத் தெரியாதுல்ல" என்றாள்.

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். அன்று எங்களோடு பேசவே இல்லை. ஆனால் அடுத்த வாரம் பெண்கள் ஐக்கியத்தில் எழுந்து நின்று, "என் மருமகளுக்காகப் பண்ற ஜெபத்த என் மகனுக்கு மாத்திப் பண்ணுங்க. நான் தப்பா சொல்லிட்டேன்" என்று சொன்னாராம். அங்கே இருந்த சகோதரிகள் பலர் இங்கே இருக்கிறீர்கள். என் அம்மாவுக்கு அது எவ்வளவு கடினம் என்று உங்களுக்குத் தெரியும்.

டாக்டரம்மா எங்களை ஒரு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். சுகந்திக்கு தினமும் சாயங்காலம் வயிற்றில் ஊசி. முதல் இரண்டு நாள் அவளே போட்டுக்கொண்டாள். மூன்றாம் நாள் ஊசியை என்னிடம் நீட்டினாள். நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி சதையைக் கொஞ்சம் பிடித்து, நேராகக் குத்த வேண்டும். பத்து நாட்கள் போட்டேன். குறை என்னுடையது, ஊசி அவளுக்கு. இதை நான் மறக்கக் கூடாது.

செப்டம்பரில் முட்டைகளை எடுத்தார்கள். ஒன்பது கிடைத்தன. கடைசியில் நல்ல கருவாக வளர்ந்தவை இரண்டு. ஒன்றைக் கருப்பையில் வைத்தார்கள், மற்றொன்றை உறையவைத்தார்கள். இரண்டு வாரம் கழித்து இரத்தப் பரிசோதனை. கரு தங்கவில்லை என்று நர்ஸ் போனில் சொன்னபோது நான் வேலையில் இருந்தேன். பாதியில் கிளம்பி வீட்டுக்குப் போனேன். சுகந்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னைக்கு ஜெபம் பண்ண வரல எனக்கு. நீங்க பண்ணுங்க" என்றாள்.

அவள் காலடியில் உட்கார்ந்து ஜெபித்தேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. முடித்தபோது அவள் கை என் தோளில் இருந்தது. அவளிடம் உண்மையைச் சொன்ன நாளிலிருந்து அவளாக என்னைத் தொட்டது அதுவே முதல் முறை. அன்றைக்கு எங்கள் கையில் குழந்தை இல்லை. ஆனாலும் கர்த்தர் அந்த வீட்டில் இருந்தார் என்று நான் சாட்சி சொல்வேன்.

ஜனவரியில் உறைய வைத்திருந்த கருவை வைத்தார்கள். இந்த முறை தங்கியது. அக்டோபர் முதல் வாரத்தில் எங்கள் மகள் பிறந்தாள். இப்போது ஐந்து மாதம். அதோ, மூன்றாவது வரிசையில் என் அம்மாவின் மடியில் தூங்குகிறாள். மைக் சத்தத்துக்கும் எழுந்திருக்கவில்லை.

கர்த்தர் மருத்துவர்களைக் கொண்டு எங்களுக்கு இந்தப் பிள்ளையைத் தந்தார். காலமெல்லாம் நன்றி சொல்வேன். ஆனால் ஜெபித்தால் எல்லாருக்கும் பிள்ளை வரும் என்று என்னால் சொல்ல முடியாது. எங்களைவிட அதிகமாக ஜெபித்தும் வெறும் கையோடு இருக்கிறவர்கள் இந்தச் சபையிலேயே இருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். உண்மையைச் சொல்லும் பலத்தைக் கேட்டால் அவர் கொடுக்கிறார். அதைக் கேட்ட நான்காம் நாள் எனக்குக் கொடுத்தார்.

சகோதரர்களே, உங்கள் மனைவியை மட்டும் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறீர்கள் என்றால், அடுத்து நீங்கள் போங்கள். பயத்தைக் கர்த்தரிடம் சொல்லுங்கள், மனைவியிடமும் சொல்லுங்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள். ஏற்கெனவே இரண்டு பேரோடு போய் வெளியே உட்கார்ந்திருந்துவிட்டு வந்திருக்கிறேன். பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். சனிக்கிழமை காலையில் எனக்கு வேலை இல்லை.