நிறுத்தியவன் படிக்க வேண்டும்

அப்பா பவர் பிரஸ் ஓட்டினார். தகட்டை உள்ளே தள்ளி மிதியை அழுத்தினால் அறுபது டன் கீழே இறங்கும். அவருடைய இடது கையில் இரண்டு விரல்களின் நுனியை அது எடுத்துக்கொண்டது. உள்ளே கை இருந்தால் இயந்திரத்தை நிறுத்திவிடும் சென்சாரைப் பொருத்துவது இப்போது என் தொழில்.

மதியம் இயந்திரங்கள் ஓய்ந்ததும் சாப்பாட்டு அறையில் அப்பா கதை படிப்பார். அங்கே எல்லோருக்கும் பாதிக் காது போயிருந்ததால் கத்தித்தான் படிப்பார். விதி ஒன்றே ஒன்று: பாதியில் நிறுத்துகிறவர் மீதியைத் தானே படிக்க வேண்டும். அதற்குப் பயந்தே யாரும் நடுவில் நிறுத்தச் சொன்னதில்லை.

ஒருமுறை நடைபாதைக் கடையில் ஒரு ஜப்பானிய நாவலின் மொழிபெயர்ப்பு கிடைத்தது. அதில் ஓர் அலுவலக எழுத்தர். அவனிடம் எவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்துக்கொள்கிறான். பக்கத்து வீட்டு நாயைச் செங்கல்லால் அடித்துக் கொல்கிறான். பிறகு வீட்டுக்காரரை. சாகும்போதாவது அவர் தன் முகத்தைப் பார்த்தாரே என்று அவனுக்குச் சந்தோஷம்.

நாய் செத்த அன்று கிரேன் ஓட்டுபவர் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டார். எழுதினவனை முதலில் கட்டிப்போட வேண்டும் என்றார் ஸ்டோர்காரர். கல்யாணம் செய்துவைத்திருந்தால் சரியாகியிருப்பான் என்றார் ஒருவர். பெண்டாட்டியையும் சேர்த்துக் கொன்றிருப்பான் என்றார் இன்னொருவர். திட்டியவர்கள்தான் மறுநாள் முதலில் வந்து இடம் பிடித்தார்கள்.

மூலையில் தனியாக ஒருவர் சாப்பிடுவார். பிரஸ்ஸில் தகட்டுக்கு வடிவம் தரும் இரும்பு அச்சுகளை மாற்றுபவர். யாரோடும் பேசாததால் அவருக்கு ‘மௌனம்’ என்று பெயர். கேலியை வெல்டர்தான் ஆரம்பித்துவைத்தார்.

“என்ன மௌனம், உங்க பக்கத்து வீட்டு நாய் நல்லா இருக்கா?”

அன்றிலிருந்து கதை நடக்கும்போது எல்லோர் கண்ணும் மூலைக்குப் போயிற்று. தலை நிமிராமல் படிக்கும் அப்பாவுக்கு அது தெரியாது.

வீட்டுக்காரர் சாகும் பக்கம் வந்தபோது மௌனம் எழுந்து வந்தார். கையில் பெரிய ஸ்பேனர். அப்பாவின் தாடையில் அது இறங்கிய சத்தம் காது போனவர்களுக்கும் கேட்டதாம். பற்கள் மேசைமேல் தெறித்தன. அடுத்த நொடி எல்லோரும் மௌனத்தின்மேல் விழுந்தார்கள். வெல்டர் பூட்ஸ் காலால் விலாவை மிதித்து உடைத்தார். நாய்க்காகச் சாப்பிடாமல் இருந்த கிரேன்காரர் தலைமுடியைப் பிடித்துத் தரையில் மோதினார். வாயில் ரத்தம் ஒழுக அப்பா குறுக்கே விழுந்து அவரை மூடிப் படுத்துக்கொண்ட பிறகுதான் விட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். வழுக்கி விழுந்ததாகப் போலீஸ்காரருக்கு அப்பா கையால் காட்டினார். புகார் கொடுங்கள் என்று நான் கத்தினேன். கொடுத்தால் அந்த ஆளுக்கு வேலை போகும், வேலை போனால் அறையை விட்டு வெளியே வரமாட்டார் என்பதுதான் அவர் கவலை. கட்டிய பற்களுக்கிடையே சொன்னார்: “நிறுத்தினவன்தாம்மா மீதியப் படிக்கணும்.”

இருவரும் வேலைக்குத் திரும்பியதும் புத்தகத்தை மௌனத்தின் முன்னால் வைத்தார். மற்றவர்கள் தட்டோடு எழுந்து போய்விட்டார்கள். மௌனம் எழுத்துக்கூட்டி, அப்பா ஒருவருக்காக மட்டும் படித்து முடித்தார். கோணிப்போன தாடையால் அப்பாவுக்கு அதன் பிறகு கத்திப் படிக்க வரவில்லை. அடுத்த புத்தகத்தையும் மௌனமே படித்தார். ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். வெல்டர் மட்டும் வரவேயில்லை.

பல வருடங்கள் கழித்து, போன வாரம் அப்பா மூளையில் ரத்தக் கசிவால் இறந்தார். பழைய அடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டர். மறுபடியும் கேட்டேன். மறுபடியும் இல்லை என்றார்.

சவப்பெட்டியைத் தூக்கும் நேரத்தில் மௌனம் வந்தார். வெல்டர் அவர் சட்டையைப் பிடித்துச் சுவரில் அறைந்தார்.

“கொன்னவனே தூக்க வர்றியா?”

உதடு கிழிந்தது. மௌனம் கையைக்கூடத் தூக்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்.

“அன்னிக்கு எல்லாரும் என்னையே பார்த்தாங்கம்மா. உங்கப்பா மட்டும் புஸ்தகத்தையே பார்த்துட்டிருந்தாரு. அவராவது நிமிர்ந்து பார்த்து, நிறுத்துங்கன்னு சொல்வாருன்னு இருந்தேன்.”

எனக்கும் அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது. விரல்கள் மடங்கியேவிட்டன. வெல்டர் மறுபடி கையை ஓங்கினார்.

“நிறுத்துங்க” என்றேன்.

சொன்ன பிறகு மீதி என் பொறுப்பு.

“தலைப் பக்கம் கனம் ஜாஸ்தி. அங்க ரெண்டு பேர் வேணும்.”

வெல்டர் வலப்பக்கம் பிடித்தார். மௌனம் இடப்பக்கம், அப்பாவின் தாடை உடைந்திருந்த பக்கம்.