நாலு பேருக்கும் ஒரே விசை

கடுகு என்றுதான் அலுவலகத்தில் அவளைக் கூப்பிடுவார்கள். ஓரிடத்தில் உட்காரமாட்டாள், சூடான எண்ணெயில் விழுந்தது போலத் துள்ளிக்கொண்டே இருப்பாள். சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. ஒரே கறுப்புத் திரையைப் பல அறைகளாகப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருளில்தான் பொழுதெல்லாம் கிடப்பாள். அறை மாறவோ மூடவோ, முதலில் ஒரு குறுக்குவிசையைத் தட்டியாக வேண்டும். பழைய மென்பொருளில் அது கன்ட்ரோலும் ஏ-யும்.

எல்லாரும் புது மென்பொருளுக்கு மாறவேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். அதில் கன்ட்ரோலும் பி-யும். பிடிக்காவிட்டால் விசையை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மேலாளரையும் சேர்த்துக் குழுவில் இருக்கும் நாலு பேரும் ஒருவர் இடத்தில் ஒருவர் மாறி மாறி உட்காருகிறவர்கள் என்பதால், நாலு பேருக்கும் ஒரே விசைதானாம். வெள்ளிக்கிழமை முடிவு.

கடுகுக்குக் கன்ட்ரோலை அழுத்தும் இடது சுண்டுவிரல் கொஞ்ச காலமாகவே மரத்து, மடங்க மறுத்தது. அவளோ ஒப்பந்த ஊழியர். விஷயம் வெளியே தெரிந்தால் நைசாக ஓரங்கட்டிவிடுவார்கள். வீட்டில் தினம் ஒரு விசையை வைத்துப் பார்த்தாள், அழித்தாள், மறுபடி வைத்தாள்.

"நேத்து ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு. ஒரு நிலையில நில்லேன்," என்றான் கணவன்.

"நிக்க முடிஞ்சா நிக்க மாட்டேனா?" என்று எரிந்து விழுந்தாள். பாவம், அவனிடமும் விரலைப் பற்றி மூச்சு விடவில்லை.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில், "எஃப் பன்னிரண்டு வெச்சுக்கலாம். ஒத்தை விசை," என்றாள். வலது பக்க மூலையில் கிடக்கும் விசை அது.

"அங்க போய்ட்டு வர பஸ் பிடிக்கணும்மா," என்று சிரித்தார் நெட்வொர்க் பார்க்கிறவர்.

மேலாளருக்கு அலுத்துவிட்டது. "பழையபடி ஏ-யே இருக்கட்டுமே. உனக்குப் பழகினதுதானே? ஏம்மா சும்மா முட்டுக்கட்டை போடுற?"

கடுகுக்குப் பொறுக்கவில்லை. இடது கையை மேசைமேல் பட்டென்று வைத்தாள். "இந்த விரல் மடங்க மாட்டேங்குது. போதுமா? வேலையை விட்டுத் தூக்குறதுன்னா தூக்குங்க."

நெட்வொர்க்காரர் தன் வலது கையை அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தார். "எனக்கு மணிக்கட்டு. அவ்வளவு தூரம் நீட்டினா உயிர் போகுது. அதான் கிண்டல் பண்ணிச் சமாளிச்சேன்."

பேக்கப் எடுக்கும் பெண் இடது ஆட்காட்டி விரலை நீட்டினாள். பி-யை எட்டினாலே சுளீர் என்கிறதாம்.

"தூக்கணும்னா முதல்ல என்னைத் தூக்கணும்," என்று மேலாளர் தன் கட்டைவிரலைத் தடவிக்கொண்டார்.

நாலு பேரின் வலியையும் கழித்துப் பார்த்தால், விசைப்பலகையில் பொதுவாக ஒன்றும் தேறவில்லை. இனி இடம் மாற வேண்டாம், அவரவருக்கு அவரவர் விசை என்று மேலாளர் முடித்துவிட்டார்.

கடுகுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை, கோபம்தான் பொங்கிக்கொண்டு வந்தது. ஒரே அறையில் முழங்கை இடிக்க உட்கார்ந்துகொண்டு, நாலு பேரும் இத்தனை நாள் தனித்தனியாகப் பயந்து செத்திருக்கிறோமே என்று.