தீ மிதித்த கால்

என் வீட்டுக்காரரின் வலது காலை அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஒரு பாறை நசுக்கியது. அங்கே ஆள் எடுப்பதெல்லாம் மேஸ்திரிதான். கேஸ் போட்டுத்தான் நஷ்டஈடு வாங்கினோம். அன்றிலிருந்து அந்த ஆளுக்கு எங்களைக் கண்டாலே ஆகாது. எனக்கும் அவரைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

வந்த பணம் ஆஸ்பத்திரிக் கடனோடு சரி. கால் கூடியதும் இவர் மறுபடி வேலை கேட்டுப் போனார். "நொண்டிக்கிட்டு வந்து நிக்கிற. நாளைக்கு உழுந்தா அதுக்கும் கேஸ் போடுவ, போடா," என்று எல்லோர் முன்னாலும் விரட்டினார் அந்த மகராசன். முந்திரித் தோப்புக்காரர்களும் காலைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள்.

அந்த வருஷம் திரௌபதி அம்மன் கோயில் தீமிதிக்கு இவர் காப்புக் கட்டிக்கொண்டார். ஊருக்கு அது வேண்டுதல். என்னிடம் மட்டும், "மேஸ்திரி பாக்கட்டும்டி. நெருப்புல நடக்குறவன் கல்லுல நடக்க மாட்டானா?" என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது.

பல்லைக் கடித்துக்கொண்டு, துளிகூட நொண்டாமல் தீக்குழியைக் கடந்தார். மேஸ்திரி செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலை, சுரங்கத்துக்கு ஆள் ஏற்றும் வேன் நிற்கும் இடத்துக்கு இரண்டு பேருமே போனோம். வேனில் ஏறியிருந்த ஆட்களுக்கு மேஸ்திரி அந்தப் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"கால் போச்சுன்னு கேஸ் போட்டவன் எப்புடி நடக்குறான் பாருங்கடா. திருட்டுப்பய."

"அப்ப கால் நல்லாத்தானே இருக்கு, வேலை குடுங்க," என்றேன்.

"ஏமாத்துறவனுக்கு எங்கிட்ட வேலை இல்லம்மா."

"அன்னைக்கு நொண்டின்னு சொல்லித்தானேய்யா தொரத்துனீங்க!"

வேனில் இருந்தவர்கள் மறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எல்லோரும் எங்கள் வீட்டில் சோறு தின்றவர்கள். கேஸ் போட்டால் என்ன நடக்கும் என்பது அவர்களுக்கும் புரிந்திருக்கும். வேன் கிளம்பிவிட்டது. அது போன திக்கில் மண்ணை வாரித் தூற்றினேன். நாசமாய்ப் போ என்று கத்தினேன். இன்றைக்கும் அதில் ஒரு சொல்லைக்கூட நான் திரும்பப் பெற மாட்டேன்.

இவர் என்னைத் தடுக்கவில்லை. வேன் கண்ணுக்கு மறையும்வரை விறைப்பாக நின்றுவிட்டு ரோட்டோரம் பொத்தென்று உட்கார்ந்தார். கணுக்கால் வீங்கிப்போயிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டார்:

"இனிமே நான் எப்புடிடி நடக்கணும்?"